பாம்பு பிடிக்குமா, பாம்பு பிடிப்பது பிடிக்குமா?

பையனை மேலே என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்கத் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அம்மா, அப்பா, பெரியப்பா, பிளஸ் டூ முடித்த பையன். பேசியதெல்லாம் பெரியப்பாதான். "நீட்ல மார்க் கொஞ்சம் கம்மி சார். இன்னொரு வருஷம் கோச்சிங்ல போட்டா ஏறிடும். இவன் என்னடான்னா பாம்புதான் வேணுங்கறான்."

நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும், பதறாதீர்கள் என்றேன். அதுவரை வாய் திறக்காத அம்மா, தன் போனை என் பக்கம் நகர்த்தினார். படத்தில் பையன் ஒரு நல்ல பாம்பின் வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு சிரிக்கிறான். காலில் ரப்பர் செருப்பு. "மொட்டை மாடியில பெயிண்ட் டப்பாவுல ரெண்டு நாள் வச்சிருந்தான் சார். மூடி மேல குழவிக்கல்லு."

ஆறுதல் சொல்வதை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் பையனிடம்தான் பேசினேன். தம்பி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நீ செய்தது குற்றம். நம் நாட்டு நல்ல பாம்பை அனுமதியில்லாமல் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் சிறைக்குப் போகும் விஷயம். ஊருக்குள் பாம்பு வந்தால் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிட வேண்டும், உன்னை அல்ல. அடுத்து, கடி வாங்கினால் உடம்பு பழகிவிடும் என்று யாரோ சொன்னதாகச் சொல்கிறாயே, அதை நம்பாதே. பழகுவதற்குப் பதிலாக ஒவ்வாமை வந்து, அடுத்த கடியில் நிலைமை இன்னும் மோசமாகலாம். நல்ல பாம்பு கடித்து உயிர் தப்பியவர்களில் விரல் அழுகி இழந்தவர்கள் உண்டு. கண்ணாடி விரியன் என்றால் சிறுநீரகம் போய் டயாலிசிஸ்வரை இழுத்துவிடும். 2000 முதல் 2019 வரையிலான ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள்.

பெரியப்பா முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. அப்புறம் அவர் பக்கம் திரும்பினேன்.

ஐயா, இவனை மறுபடி நீட்டுக்கு உட்கார வைப்பதை நான் ஒப்பவில்லை. கோச்சிங், விடுதி என்று ஒரு லட்சத்துக்கு மேல் போகும். அதற்கப்புறமும் அரசு இடம் கிடைக்காவிட்டால், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் என்று கடன் பத்திரத்தோடு நிற்பது அவன் அப்பா, நீங்கள் அல்ல. பையனின் வேதியியல் மதிப்பெண்ணைப் பார்த்தேன். உயிரியல் மதிப்பெண்ணையும் பார்த்தேன். விருப்பம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. பொறியியல் பற்றி நான் பேசவே போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள்.

இவர்கள் யாரும் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் விஷப்பாம்பு வளர்க்க உரிமம் வாங்கலாம். ஆனால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டில் 1,000 மணி நேரம் அந்த வகைப் பாம்புகளைப் பராமரித்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். நம் ஊரில் வீட்டில் வளர்க்க இப்படி ஒரு வழி கிடையாது, அதைப் பற்றிக் கனவும் வேண்டாம். ஆனால் அந்த 1,000 மணி நேரம் என்ற அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. பையனிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டை வாங்கச் சொன்னேன். தேதி, நேரம், என்ன வேலை, உடன் இருந்தது யார், எதைத் தப்பாகச் செய்தோம். இந்த ஐந்தும் இல்லாத மணி கணக்கில் சேராது. தனியாகச் செய்ததும் சேராது.

எங்கே எழுதுவது? கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது, மாமல்லபுரம் போகும் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது, வண்டலூர் இருக்கிறது. தன்னார்வலராகவோ பயிற்சிக்கோ எடுப்பார்களா என்று அவனே எழுதிக் கேட்க வேண்டும், மாமா மூலம் சிபாரிசு அல்ல. கிடைத்தால் முதல் சில மாதங்கள் பாம்பைத் தொடவே விடமாட்டார்கள். தொட்டி கழுவ வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், உரித்த சட்டை கண் பகுதி உட்பட முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எது எப்போது தின்றது என்று குறிக்க வேண்டும். அலுப்பான வேலை. அந்த அலுப்பில்தான் பாம்பு பிடிக்குமா, பாம்போடு நிற்கும் தன்னைப் பிடிக்குமா என்பது தெரியவரும். இரண்டாம் வாரமே ஓடி வந்தால் நல்லது, செலவில்லாமல் தெரிந்துகொண்டோம்.

அடுத்த கட்டம் விஷமில்லாதவை. சாரையும் மண்ணுளியும் தண்ணீர்ப்பாம்பும். சாரை கையில் நிற்காது, வேகத்தைக் கற்றுக்கொடுக்கும். தண்ணீர்ப்பாம்பு சும்மா சும்மா கடிக்கும், கைப் பதற்றத்தைக் குறைக்கும். இந்த ஆண்டிலேயே கண் பழக வேண்டும். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று அடித்துக் கொல்கிறார்கள். கட்டுவிரியனை வெள்ளிக்கோல் வரையன் என்று கையில் எடுத்துச் சாகிறார்கள். கட்டுவிரியனின் நடுமுதுகில் அறுகோணச் செதில்கள் ஒரு வரிசையாகப் பெரிதாக இருக்கும், வெள்ளைப் பட்டைகள் தலைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் தெளியும். வெள்ளிக்கோல் வரையனில் பட்டைகள் கழுத்தருகே தொடங்கி வால் பக்கம் மங்கும். கண்ணாடி விரியன் குட்டியை மண்ணுளி என்று நினைப்பதும் இப்படித்தான். நூறு படத்தில் ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அதற்கும் பிறகுதான் பெரியவர்களின் மேற்பார்வையில் கொக்கி, குழாய், பை. துணிப்பையின் வாயில் ஒரு பி.வி.சி. குழாயைக் கட்டி வைத்தால், பாம்பு இருட்டைத் தேடித் தானாக உள்ளே போகும். கையே படாது. வாலைப் பிடித்துத் தொங்கவிடும் வீடியோக்காரர்கள் இதைச் செய்வதில்லை, ஏனென்றால் இதில் பார்க்க ஒன்றும் இல்லை.

கையால் எடுக்கும் கலை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். 1978 முதல் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடித்து, மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராக இந்த விஷம் வேண்டும். இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அதே புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அந்தச் சங்கம் இருளர்களுக்கானது, நம் பையனுக்கு அங்கே வேலை இல்லை. சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் பின்னால் வயல் வரப்பில் நடந்து வந்த அறிவு அது. ஆறு மாத வீடியோவில் வராது என்பதை அவன் நேரில் பார்த்துவிட்டு வரட்டும்.

படிப்பு? அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். பிறகு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலோ ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ வனவிலங்கு உயிரியல் முதுகலை. கெட்டிக்காரனாக இருந்தால் டேராடூனில் இருக்கும் இந்திய வனவிலங்கு நிறுவனம். சம்பளத்தில் பொய் சொல்லமாட்டேன்: ஆரம்பத்தில் திட்டப் பணியாளர் வேலைகள் குறைந்த சம்பளத்தில், அதுவும் ஓரிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில்தான் இருக்கும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். வெளிநாட்டில் ஊர்வன படிக்கக் கடன் வாங்குவதாக யாராவது சொன்னால் முதலில் எனக்கு போன் செய்யுங்கள், நான் திட்டுகிறேன்.

மூன்று நாள் கழித்து அப்பா கூப்பிட்டார். பெயிண்ட் டப்பாவை எடைக்குப் போட்டுவிட்டாராம். கிண்டிக்குப் பையன் எழுதிய கடிதத்தில் இரண்டு பிழை இருந்ததாம், தமிழாசிரியரிடம் கொடுத்துத் திருத்தியிருக்கிறான். பெரியப்பா மட்டும் இன்னும் பேசவில்லையாம்.