அம்மாவின் முழங்கால் வலியும் படாட் பயணமும்

பிலிப்பைன்ஸின் மலைச்சரிவில் படிபடியாக அமைந்த படாட் நெல்வயல்களுக்கு முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஊருக்குள் நடந்தே இறங்க வேண்டும், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். வயல் வரப்புகளோ குறுகலானவை, ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலான கல்சுவர்.

அவருக்கு அருகிலுள்ள பங்கான் ஊரின் படிவயல்கள் பொருந்தும். 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஐந்து படிவயல் தொகுதிகளில் அதுவும் ஒன்று. சாலையில் நின்றே வயல்களையும் நடுவிலுள்ள ஊரையும் பார்க்கலாம். மறுநாள் அம்மா பக்கத்து நகரமான பனாவேயில் ஓய்வெடுக்கட்டும். நீங்கள் விடியலில் கிளம்பி, உள்ளூர் இஃபுகாவோ இன வழிகாட்டியுடன் படாட் போய் வாருங்கள்.

வழிகாட்டியிடம் வயல்களுக்கு மேலே உள்ள முயோங் பற்றிக் கேளுங்கள். குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் காடு அது. மழைநீரைத் தேக்கி வயலுக்கு அனுப்புவது அதுதான். காடு அழிந்தால் வயலும் காய்ந்துவிடும். அறுவடையின்போது பெண்கள் பாடும் ஹுத்ஹுத் என்ற மரபுப் பாடல்கள் பற்றியும் கேளுங்கள். இவை தெரியாமல் பார்த்தால் வெறும் பச்சைப் படிகளாகத்தான் தெரியும்.

முதியவர்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். காட்சிமுனையில் மரபுடையில் இருப்பவர்களுக்குச் சிறு தொகை கொடுப்பது வழக்கம், பேரம் பேசாதீர்கள்.