மதகடிப் பேச்சு: அணைக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர்

அடுத்த உலகப் போர் தண்ணீருக்காகத்தான் என்கிறார்களே, வருமா?
(வாசகர், திருத்துறைப்பூண்டி)

மேடையில் சொன்னால் கைதட்டு விழும், அதனால் சொல்கிறார்கள். நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1989-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலும் மொரிட்டானியாவும் முட்டிக்கொண்டன. ஆற்றங்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்கும் விவசாயிகளுக்கும் மூண்ட தகராறு இரண்டு நாட்டிலும் கொலை, கொள்ளை என்று பரவியது. பல்லாயிரம் பேர் அக்கரைக்கும் இக்கரைக்கும் துரத்தப்பட்டார்கள். முறிந்த தூதரக உறவு 1992-இல்தான் ஒட்டியது. இருவருக்கும் எல்லையே செனகல் ஆறுதான். அதன் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, 1986-இல் கட்டி முடித்த டியாமா அணை. ஒரு முனை ஒரு நாட்டில், மறுமுனை அடுத்த நாட்டில். இவ்வளவு ரத்தம் சிந்திய பிறகும் ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் கூட்டு அமைப்பை விட்டு இருவரும் வெளியேறவில்லை.

ஒரே நாட்டுக்குள் ஓடும் ஆற்றுக்கே டி.எம்.சி. கணக்கில் அடித்துக்கொள்கிறோம். அவர்கள் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள்?
(வாசகி, மன்னார்குடி)

பிரித்துக்கொள்ளவே இல்லை அம்மா. பொதுப்பணித் துறையில் ஷட்டரும் அளவுகோலுமாகவே காலம் தள்ளிய எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

1968-க்குப் பிறகு அந்தப் பக்கம் மழை பொய்த்து, ஆடு மாடெல்லாம் செத்து மடிந்தன. கோடையில் கடல் நீர் ஆற்றுக்குள் 200 கி.மீ.க்கும் மேல் ஏறியது. அந்தப் பஞ்ச காலத்தில், 1972-இல், மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் சேர்ந்து ஓ.எம்.வி.எஸ். என்ற ஆற்று அமைப்பைத் தொடங்கின. 1978-இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். அணை யார் மண்ணில் இருந்தாலும் மூவருக்கும் பொதுச் சொத்து, பாகப்பிரிவினை கிடையாது என்பதுதான் அதன் சாரம்.

இது ஏட்டோடு நிற்கவில்லை. 1988-இல் முடிந்த மனந்தாலி அணை முழுக்க முழுக்க மாலி நாட்டுக்குள், பாஃபிங் என்ற கிளை ஆற்றில் இருக்கிறது. கொள்ளளவு 1,130 கோடி கன மீட்டர், ஏறக்குறைய 400 டி.எம்.சி. மேட்டூரைப் போல நான்கு மடங்கு! அந்த மின்சாரத்தில் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 சதவீதம். பாசனத்தில் பெரும்பங்கு கீழே இருக்கும் இரண்டு நாடுகளுக்கு. கடல் இல்லாத மாலிக்குப் படகுப் போக்குவரத்து கிடைக்கும் என்றார்கள். அது மட்டும் இன்னும் பேச்சளவில்தான். யாருக்கு என்ன ஆதாயமோ அதை வைத்துக் கட்டுமானக் கடனிலும் பங்கு போட்டார்கள். 2002-இல் வந்த நீர் சாசனமும் நாட்டுக்கு இத்தனை கன மீட்டர் என்று எழுதவில்லை. பாசனம், மின்சாரம், குடிநீர், மீன்பிடி என்று உபயோகத்தைத்தான் பார்க்கிறது. மழை குறைந்த வருஷத்தில் "என் பங்கு எங்கே" என்று ஒரு நாடு இன்னொரு நாட்டின் சட்டையைப் பிடிக்க எண் எதுவும் இல்லை. எல்லோருக்கும் சேர்ந்தே குறையும்.

அணை 1988-இல் தயாராகியும் மின்சாரம் வர 2001 ஆகிவிட்டது. இந்த மாதிரிக் கூத்தெல்லாம் நம்மூருக்கே உரியது என்று நினைத்திருந்தேன்.

ஆகா ஓகோ என்கிறீர்களே, யாருக்கும் நஷ்டமே இல்லையா?
(வாசகர், சாத்தூர்)

இருக்கிறது. அரசுகள் ஒத்துப்போனதற்கு விலை கொடுத்தவர்கள் கரையோர ஜனங்கள். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வடிந்ததும், அந்த ஈரத்திலேயே சோளம் விதைப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த விவசாயம். உரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். அணை வெள்ளத்தைப் பிடித்துவைத்தபின் அந்த நிலங்கள் காய்ந்தன. வெள்ளத்தை நம்பி நின்ற கருவேலங்காடுகளும் அழிந்தன. மதகைத் திறந்து செயற்கை வெள்ளம் விடுவதாக ஏற்பாடு உண்டு. ஆனால் சோளத்துக்கு விடும் தண்ணீர் டர்பைனுக்குக் கிடைக்காது. அந்தப் போட்டியில் சோளம் ஜெயிப்பது அபூர்வம்.

கீழே டியாமா அணை உப்பைத் தடுத்தது, நல்லதுதான். உப்பு போனதும் நன்னீர் நத்தையும் சம்புப் புல்லும் பெருகின. அந்த நத்தைக்குள் வளரும் ஒரு புழு, தண்ணீரில் இறங்கும் மனிதரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரிஷார் டோல் என்ற கரும்பு நகரத்தில் 1988-இல் தலைகாட்டிய இந்த நோய், சில வருஷத்தில் பாதிப் பேருக்கு மேல் பிடித்துக்கொண்டது. நத்தையைத் தின்னும் ஆற்று இறால் இனப்பெருக்கத்துக்கு முகத்துவாரம் போய்வர வேண்டும், வழியில் அணை. பிறகு ஆய்வாளர்கள் ஒரு கிராமத்துத் துறையில் இறாலைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். நத்தையும் குறைந்தது, நோயும் குறைந்தது. ஒப்பந்தம் எழுதிய வக்கீல்கள் மேஜையில் ஒரு மீனவரையும் உட்காரவைத்திருக்கலாம்.

நிலத்தடி நீரை இரண்டு நாடுகள் பகிர முடியுமா?
(வாசகர், பல்லடம்)

முடியும். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்கு அடியில் ஓடும் நீர்ப்படுகை பிரான்சுக்குள்ளும் நீள்கிறது. இறைத்து இறைத்து மட்டம் இறங்கியதும், 1978-இல் ஜெனீவா மாநிலமும் எல்லைக்கு அப்பாலிருந்த பிரெஞ்சு மாவட்டமும் கையெழுத்திட்டன. 1980 முதல் ஆர்வ் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து பூமிக்குள் இறக்குகிறார்கள். நிலையத்தைக் கட்டியது ஜெனீவா. பிரெஞ்சுக்காரர்கள் குறிப்பிட்ட அளவு வரை இலவசமாக எடுக்கலாம், அதற்கு மேல் பணம். கிணற்றுக்குக் கிணறு மீட்டர் உண்டு. பல்லடத்தில் இதைச் சொன்னால் என்னை எதால் அடிப்பீர்கள் என்று தெரியும்.

இனி மழை ஒரேயடியாகக் கொட்டும் என்கிறார்கள். கூட்டு அணை காப்பாற்றுமா?
(கல்லூரி மாணவி, சிதம்பரம்)

ஓரளவுக்குத்தான். மனந்தாலி பிடிப்பது பாஃபிங் வெள்ளத்தை மட்டும். ஃபலேமே என்ற கிளை ஆற்றில் அதைப் போலப் பெரிய அணை கிடையாது. 2024 அக்டோபரில் மேலே கொட்டிய மழையால் செனகலின் பகேல், மாத்தாம் பக்கம் ஊரும் வயலும் மூழ்கின. பாஃபிங் பிறக்கும் கினி நாடு இந்த அமைப்பில் சேர்ந்ததே 2006-இல். உச்சியில் இருப்பவர் இல்லாமலே 34 வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்! பகேலுக்குக் கீழே ஆறு மிகவும் சமதளத்தில் போவதால் வெள்ளம் கடலைச் சேரப் பல நாள் ஆகும். மேலே கினியிலும் மாலியிலும் இருக்கும் அளவுகோல்களின் கணக்கு அன்றன்றைக்கே கீழே வந்துவிட்டால், மாத்தாம் விவசாயி மாட்டையும் விதையையும் மேட்டுக்கு ஏற்ற நேரம் இருக்கும். புது அணைக்குக் கேட்கும் காசில் கொஞ்சத்தை முதலில் அந்த அளவுகோல்களுக்கும், அதைப் படிக்கும் ஆளின் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள் என்பேன்.