குழந்தை ஞானஸ்நானம்: ரீச்சரிடம் கேளுங்கள்

இன்று மாலை குழந்தை ஞானஸ்நானம் பற்றிக் கேட்கலாம். நான் திருகோணமலையில் கத்தோலிக்க மறைக்கல்வி கற்பிப்பவள். பதில்களும் அந்த ஒழுங்கின்படிதான்.

உப்புவெளித் தாய்: ரீச்சர், பிள்ளைக்கு இரண்டு மாதம். ஞானத்தந்தையாக நிற்கப்போகும் அண்ணா கனடாவிலிருந்து டிசம்பரில்தான் வருகிறார். அதுவரை வைத்திருக்கலாமா?

வேண்டாம் பிள்ளை. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டம். ஞானப்பெற்றோர் இருவர் வேண்டும் என்றும் இல்லை, ஒருவரே போதும். இங்கே பக்கத்தில் இருந்து பிள்ளையைப் பார்க்கக்கூடிய ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். அப்புறம், பதிவேட்டில் எழுதியதும் பிள்ளையின் பெயரையும் உங்கள் இருவரின் பெயரையும் வாசித்துப் பாருங்கள்.

நிலாவெளியிலிருந்து: என் கணவர் இந்து. ஃபாதர் மறுப்பாரா?

பெற்றோரில் ஒருவர் சம்மதித்தாலே போதும். ஆனால் பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை ஃபாதருக்கு வரவேண்டும். மாமியாரிடம் மறைத்துச் செய்யாதீர்கள், முதலே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு தம்பி: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்கிறது மாற்கு 16:16. தொட்டில் பிள்ளை எப்படி விசுவாசிக்கும்?

நல்ல கேள்வி தம்பி. பிள்ளையைத் திருச்சபையின் விசுவாசத்தில்தான் ஏந்துகிறோம். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதை அறிக்கையிடுகிறார்கள், வளர்ந்தபின், ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனமான உறுதிப்பூசுதலில், பிள்ளை தானே சொல்கிறது. அப்போஸ்தலர் பணி 16ஆம் அதிகாரத்தில் லீதியாவும் சிறைக்காவலனும் வீட்டாரோடு சேர்த்தே ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அதே தம்பி: அந்த வீட்டில் குழந்தை இருந்தது என்று எங்கே எழுதியிருக்கிறது?

எழுதவில்லை. இருந்தது என்று நான் சாதிக்கவும் மாட்டேன். ஆனால் கி.பி. 200 அளவில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சிறு பிள்ளைகளுக்குத் தாமதித்துக் கொடுங்கள் என்று எழுதினார். அவர் உங்கள் பக்கம்தான். நடக்காத ஒன்றை எதற்குத் தாமதிக்கச் சொல்வது? 253 அளவில் பீதுஸ் என்ற ஆயர் எட்டாம் நாள்வரை பொறுக்க வேண்டும் என்றார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் அந்நகர ஆயர் சிப்ரியானோடு கூடிய 66 ஆயர்கள், அவ்வளவு நாள்கூடக் காக்க வேண்டாம் என்று பதில் எழுதினார்கள். குழந்தையாகப் பெற்றது செல்லாது என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு மறுபடி கொடுத்தது அதற்கு வெகுகாலம் பின்பு, 1525இல் சூரிச்சில்.

இன்னொருவர்: பழைய வழக்கம் என்றால் சரியாகிவிடுமா? நான் கடலில் முழுக்கு எடுத்தபோதுதான் மனம் மாறினேன்.

உங்கள் மனமாற்றத்தை மதிக்கிறேன் ஐயா. வழக்கம் பழையது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பிள்ளை ஒன்றும் செய்யாமலே கடவுள் அதைத் தன் பிள்ளையாக்குகிறார் என்பதுதான் இதன் உயிர். என் கையில் துணியில் சுற்றிய பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க அதன் நெற்றியில் தண்ணீர் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் அதையே நினைப்பேன். ஆனால் ஏற்கெனவே செல்லும்படியாகப் பெற்றவருக்கு நாங்கள் இரண்டாம் தரம் கொடுப்பதில்லை.

ஞானத்தாய்க்கு என்ன வயது? 16 நிறைந்து, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும்.

ஞானத்தந்தை ஒருவர் மட்டும் போதுமா? மேலே முதல் பதிலிலேயே சொன்னேன். தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

மூதூர்ப் பெண்: 90இல் இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது. சான்றிதழ் இல்லாமல் கலியாணம் எழுத முடியவில்லை.

பயப்படாதீர்கள். ஞானஸ்நானத்தை நேரில் கண்ட, நம்பத்தக்க சாட்சி ஒருவர் சொன்னாலே சட்டப்படி போதும். உங்கள் ஞானத்தாய் உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போங்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களையாவது போனில் படம் எடுத்து வெளிநாட்டு உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பெயர் சொல்லாத ஒரு தாய்: என் பிள்ளை ஞானஸ்நானம் பெறாமலே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டது.

அம்மா, உங்கள் பிள்ளையைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது திருச்சபையின் மறைக்கல்வி. 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையமும், இப்படி இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என்றே எழுதியது. உங்களை யாராவது குற்றம் சொன்னால் கேட்காதீர்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: உயிராபத்து என்றால் நர்சோ தகப்பனோ யாரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றால் போதும். பிறகு பங்கில் சொல்லிப் பதியுங்கள்.

மெதடிஸ்த கோயிலில் எடுத்தது செல்லுமா? செல்லும். சான்றிதழைக் கொண்டுபோங்கள், அதற்கு முன் அதிலுள்ள பெயரை வாசித்துப் பாருங்கள்.