லயனைக் காலி செய்யும் நேரத்தில் கைக்கு வந்த எட்டு லட்சம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் 34 வருடம் கொழுந்து பறித்தேன். 58 வயது முடிந்து போன மாதம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 8 லட்சம் வந்திருக்கிறது. எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டை (தொழிலாளர் வரிசை வீடு) மூன்று மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன், "பணத்தைக் கொடும்மா, மாடி எடுத்துடலாம், நீயும் இங்கேயே வந்துடு" என்கிறான். கூடலூரில் கட்டிக்கொடுத்த மகளோ, "எல்லாத்தையும் அவனுக்கே கொடுத்துட்டா எனக்கு என்ன?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, உங்கள் மகன் கெட்ட எண்ணத்தோடு கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இந்த வருடம் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

காரணம் பணத்தைவிட உங்களைப் பற்றியது. 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் மனிதரை எவ்வளவு உலுக்கும் என்று மதிப்பெண் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறப்பதற்கு 100. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு 45, பண நிலைமை மாறுவதற்கு 38, வீடு மாறுவதற்கு 20. அமெரிக்கக் கணக்கு நம் லயனுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் கூட்டிப் பாருங்கள்: கடைசி மூன்றும் சேர்ந்து 103. துணையை இழந்து மூன்றே வருடத்தில், கிட்டத்தட்ட அதே அளவு பாரம் ஒரே சமயத்தில் உங்கள் தலையில் இறங்குகிறது. திருப்பிக்கொள்ள முடியாத முடிவை எடுக்க இது நேரமில்லை.

இன்னொன்று. மனை மகன் பெயரில் இருந்தால், அதன்மேல் உங்கள் பணத்தில் எழும் மாடிக்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. நாளைக்கு மருமகளோடு ஒரு சொல் தடித்துவிட்டால், "என் காசில் கட்டியது" என்று நீங்களும் சொல்லிக்காட்டுவீர்கள். அது யாருக்கும் நல்லதில்லை. அவசியம் மாடி கட்டியே ஆக வேண்டும் என்றால், வீட்டில் உங்களுக்கு உள்ள பங்கைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்த பிறகு பணம் கொடுங்கள். மகனிடம் அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? இப்போதைக்குக் கொடுக்காமல் இருக்க அதுவே போதுமான காரணம்.

சரி, பணத்தை எங்கே வைப்பது? தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 வயதானவர்களுக்கான திட்டம் என்றாலும், 55-க்கு மேல் வயதாகி ஓய்வு பெற்றவர்களும் சேரலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். அந்தக் கெடுவைத் தவற விட்டால் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான். ஓய்வு பெற்ற விவரத்தையும் வந்த தொகையையும் எஸ்டேட் ஆபீசில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்போதைய வட்டி 8.2 சதவீதம். 6 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய், அதாவது மாதத்துக்கு 4,100. ஐந்து வருடத்துக்கு அதே வட்டிதான், நடுவில் குறைக்க மாட்டார்கள். ஒரு வருடத்துக்குள் கணக்கை முடித்தால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். மீதி இரண்டு லட்சத்தில் ஒன்று ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வங்கியில் இருக்கட்டும். இன்னொன்று வாடகை வீட்டு அட்வான்ஸ், சாமான் ஏற்றி இறக்குவது, கேஸ் இணைப்பு மாற்றுவது என்று கரையும், கரையட்டும்.

அப்புறம் பென்ஷன். பத்து வருடத்துக்கு மேல் பி.எஃப். பிடித்திருப்பதால் 58-லிருந்து உங்களுக்கு மாதப் பென்ஷன் உண்டு. குறைந்தது ஆயிரம் ரூபாய்; பெரிய தொகையில்லை, ஆனால் விடக்கூடாது. வீட்டுக்காரருக்கும் பி.எஃப். இருந்திருந்தால் அவர் வழியில் விதவைப் பென்ஷன் வர வேண்டும். அது வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் இந்த வாரமே விசாரியுங்கள்.

கிராஜுவிட்டியையும் ஒருமுறை சரிபாருங்கள். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. கடைசி நாள் சம்பளம் 450 என்று வைத்துக்கொண்டால், 34 வருடத்துக்கு 2,29,500 வர வேண்டும்.

மகன் வீட்டுக்குப் போவதா என்ற கேள்விக்கு என் யோசனை வேறு. அரவேணுவிலோ கோத்தகிரியிலோ சின்ன வீடாக வாடகைக்கு எடுங்கள். மகன் வீட்டுக்கு முதலில் விருந்தாளியாகப் போங்கள், அதுவும் சித்திரை, வைகாசியில். மார்கழியில் போனால் எல்லாருக்கும் திருப்பூர் பிடிக்கும்! இத்தனை வருடம் மலைக்குளிரில் இருந்த உடம்பு அந்த வெயிலை எப்படித் தாங்குகிறது, காலையில் பேச்சுத் துணைக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். அங்கே இருக்கும் மாதங்களில் வட்டிப் பணத்திலிருந்து இரண்டாயிரத்தை மருமகள் கையில் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்த பணம் ஒரு வருடத்தில் மறந்துபோகும். மாதாமாதம் கொடுப்பவருக்கு அந்த வீட்டில் ஒரு இடம் இருக்கும்.

மகளுக்கு இப்போது பணம் தர வேண்டியதில்லை, தகவல் தந்தால் போதும். தபால் நிலையக் கணக்கில் மகன், மகள் இருவரையும் நாமினியாகப் போட்டு, அந்தப் பாஸ்புக்கை இருவருக்கும் ஒரே நாளில் காட்டுங்கள். மகனிடம், "வீட்டுக் கடன் வாங்கு, முடிந்ததை மாதாமாதம் தருகிறேன்" என்று சொல்லலாம். அவருக்குக் கோபம் வரும். ஒரு பொங்கல் தாண்டட்டும், பிறகு மாடியைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.