கெர்னல் டம்பும் வேறு வேறு பிராசசர்களும்: கேள்வி பதில்

லினக்ஸின் மையநிரலான கெர்னல் முறிந்து விழும்போது நினைவகத்தில் இருந்ததைச் சேமித்து வைக்கும் கோப்புதான் டம்ப். அதைத் திறந்து ஆராயும் 'கிராஷ்' கருவியைப் புதிய பிராசசர்களுக்கு ஏற்பத் திருத்துவது குறித்து நம் மாவட்ட நண்பர்கள் கேட்டவையும், என் பதில்களும் இவை. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தக்கலை): அண்ணா, டம்ப் என்பது வெறும் பைட்டுகள்தானே? எந்தப் பிராசசர் என்று கருவிக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பதில்: கெர்னல் தனக்குள் புழங்குவது மெய்நிகர் முகவரி. டம்பில் பக்கங்கள் (நினைவகத் துண்டுகள்) இருப்பதோ இயற்பியல் முகவரிப்படி, அதாவது நினைவகத்தில் அவை உண்மையில் இருந்த இடத்தின்படி. பழைய திருவிதாங்கூர் காலத்துப் பத்திரத்தில் ஒரு சர்வே எண், மறு அளவைக்குப் பிறகு வேறு எண் என்று நம் ஊரில் எத்தனை பேர் அலைகிறார்கள்! இரண்டையும் பொருத்திக் காட்டும் பதிவேடு இல்லாவிட்டால் நிலம் கண்முன் கிடந்தும் பயனில்லை. கருவிக்கும் அப்படி ஒரு பதிவேடு வேண்டும். அது பிராசசருக்குப் பிராசசர் மாறும். போர்ட் செய்கிற (புதிய பிராசசருக்கு ஏற்பத் திருத்துகிற) வேலையில் பெரும்பங்கு இதுதான். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (முப்பந்தல்): காற்றாலைத் தரவைச் சேகரிக்கும் ஆர்ம்64 (64 பிட் ஆர்ம் பிராசசர்) போர்டு. டம்பைத் திறந்ததுமே 'சீக் எரர்' என்று கருவி நின்றுவிடுகிறது. வி.எம்.லினக்ஸ் கோப்பு (குறியீட்டு முகவரிகள் அடங்கிய கெர்னல் கோப்பு) அதே கெர்னலுக்கு உரியதுதான், சரிபார்த்துவிட்டேன்.

பதில்: கருவி கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த இயற்பியல் முகவரி டம்பில் இல்லை என்பதே அந்தச் செய்தியின் பொருள். கோப்பு சரி என்றால் கணக்குதான் தவறு.

முதலில் கருவி எவ்வளவு பழையது என்று பாருங்கள். லினக்ஸ் 5.4இல் ஆர்ம்64 கெர்னலின் முகவரி வெளியையே மேல்கீழாகப் புரட்டிவிட்டார்கள். நேரடி வரைவுப் பகுதி (இயற்பியல் நினைவகம் முழுவதும் வரிசையாகத் தெரியும் பகுதி) மேல் பாதியிலிருந்து கீழ்ப் பாதிக்கு வந்தது. அதற்கு முந்தைய கருவிக்கு இது தெரியாது.

கருவி புதிது என்றால் டம்புக்குள் கெர்னலே எழுதி வைத்திருக்கும் 'வி.எம்.கோர்-இன்ஃபோ' என்ற குறிப்பைப் படியுங்கள். வெறும் உரைதான். முகவரி 39 பிட்டா 48 பிட்டா என்பதும், கெர்னல் உருவுக்கான (கெர்னலின் சொந்த நிரலும் தரவும் இருக்கும் பகுதிக்கான) இடப்பெயர்வு எண்ணும் அங்கே கிடைக்கும். ஆர்ம்64இல் நேரடி வரைவுக்கு ஒரு கணக்கு, கெர்னல் உருவுக்கு வேறு கணக்கு. பலர் தடுக்கி விழும் இடம் இது.

பிறகு கையாலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 'லினக்ஸ் பேனர்' என்ற குறியீட்டின் முகவரியை வி.எம்.லினக்ஸிலிருந்து எடுத்து, தற்செயல் இடமாற்ற அளவை (பூட் ஆகும்போது கெர்னல் தன் இடத்திலிருந்து நகர்ந்த தூரத்தை) கூட்டி, அந்த இடப்பெயர்வு எண்ணைக் கழியுங்கள். வரும் இயற்பியல் முகவரியில் கெர்னல் பதிப்பு வாசகம் எழுத்தெழுத்தாகத் தெரிய வேண்டும். அது தெரியும்வரை நிரலில் ஒரு வரியையும் தொடாதீர்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): ஆர்ம்64 நிரலை நகலெடுத்துப் பெயரை மாற்றினால் ரிஸ்க்-வி என்ற வேறு வகைப் பிராசசருக்கும் வந்துவிடுமா?

பதில்: பிழையில்லாமல் கம்பைல் ஆகும். பதில் மட்டும் தவறாக வரும், அதுதான் ஆபத்து. மெய்நிகர் முகவரியை இயற்பியல் முகவரியாக மாற்றித் தருவது பக்க அட்டவணை. ஆர்ம்64இன் பக்க அட்டவணைப் பதிவில் முகவரி பிட்டுகள் தம் இடத்திலேயே இருக்கும். மற்றவற்றை மறைத்தால் போதும். ரிஸ்க்-வியில் பக்க எண் பத்தாம் பிட்டில் தொடங்குகிறது. பத்து பிட் வலப்பக்கம் தள்ளி, பிறகு பன்னிரண்டு பிட் இடப்பக்கம் தள்ள வேண்டும்.

அட்டவணை எத்தனை அடுக்கு என்பதும் நிலையானதல்ல. ரிஸ்க்-வியின் முகவரி முறைகளில் எஸ்வி39இல் மூன்று, எஸ்வி48இல் நான்கு, எஸ்வி57இல் ஐந்து. எது என்பதை வன்பொருளைப் பார்த்து பூட் ஆகும்போதுதான் கெர்னல் முடிவு செய்கிறது. நிரலில் நிலையாக எழுதி வைத்தால் உங்கள் போர்டில் ஓடும், பக்கத்து மேசையில் ஓடாது.

செயற்கூறுகளின் அழைப்புகள் அடுக்கப்படும் ஸ்டாக்கிலும் இதே கதை. ஒவ்வொரு அழைப்புக்கும் அதில் ஒரு ஃபிரேம். ஆர்ம்64இல் ஃபிரேம் பாயின்டர் காட்டும் இடத்திலேயே முந்தைய ஃபிரேமும், எட்டு பைட் மேலே திரும்பும் முகவரியும் இருக்கும். ரிஸ்க்-வியில் திரும்பும் முகவரி எட்டு பைட் கீழே, முந்தைய ஃபிரேம் பதினாறு பைட் கீழே.

கேள்வி (நாகர்கோவில்): முகவரிகள் எல்லாம் சரியாக வருகின்றன. ஆனால் ஆர்ம்64 பேக்ட்ரேஸ் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்) ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது.

பதில்: திரும்பும் முகவரியைப் பதினாறடிமானத்தில் அச்சிட்டுப் பாருங்கள். கெர்னல் முகவரி என்றால் மேல் பிட்டுகள் எல்லாம் 1 ஆக இருக்க வேண்டும். அங்கே கன்னாபின்னாவென்று ஏதாவது இருந்தால், பாயின்டர் அங்கீகாரக் கையொப்பம் (முகவரியை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்கப் பிராசசர் சேர்க்கும் குறி) ஒட்டியிருக்கிறது. அதற்கான மறைப்பு எண்ணும் அதே வி.எம்.கோர்-இன்ஃபோவில் உண்டு. கெர்னல் முகவரி என்பதால் அந்த பிட்டுகளை அழிக்கக் கூடாது. 'ஆர்' (OR) செய்து 1 ஆக்க வேண்டும்.

கேள்வி (தூத்தூர்): ஆழ்கடல் விசைப்படகில் வைக்கும் 32 பிட் ஆர்ம் கருவி. நினைவகம் 128 எம்.பி.தான். கெர்னல் முறியும்போது டம்பைச் சேமிக்கும் கே.டம்ப் வைக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். கே.டம்ப் என்றால் இரண்டாவது கெர்னல் ஒன்றுக்கு எப்போதும் இடம் ஒதுக்கி வைக்க வேண்டும், 128 எம்.பி.யில் அது பெரிய இழப்பு. 'ராம்-ஊப்ஸ்' போதும். நினைவகத்தின் ஒரு சிறு மூலையில் கடைசி கெர்னல் செய்திகள் தங்கும். ரீபூட் ஆனபின் படித்துக்கொள்ளலாம். மின்சாரம் முற்றாகப் போனால் அதுவும் போய்விடும் என்பதைப் படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (குளச்சல்): என் எக்ஸ்86-64 மடிக்கணினியிலேயே ஆர்ம்64 டம்பைப் படிக்க முடியுமா?

பதில்: முடியும். கிராஷ் மூலநிரலை 'மேக்' செய்யும்போது 'டார்கெட்' மதிப்பாக ஆர்ம்64 என்று கொடுங்கள். 32 பிட் ஆர்ம் என்றால் மடிக்கணினியில் 32 பிட் லைப்ரரிகளையும் நிறுவ வேண்டும்.