ஓட்டோ கியரை மனுவலாக மாற்றலாமா?

கேள்வி: தகப்பனார் வைத்திருந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60 கார் எங்களிடம் இருக்கிறது. அது ஓட்டோ கியர் வண்டி. இப்போது எஞ்சின் இரைகிறதே தவிர வண்டி இழுக்கவில்லை. கியர் பெட்டியைப் புதுப்பிக்கக் கேட்கும் தொகை கட்டுப்படியாகாது. மனுவலாக மாற்றலாமா? ஜப்பான் காரின் ஐந்து கியர் பெட்டியைப் பூட்டுவது மலிவு என்கிறார்களே, சரியா?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: தாராளமாக மாற்றலாம். அதற்கு முன்னர் கியர் ஒயிலின் அளவையும், காபரேற்றரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிளையும் ஒருமுறை பார்ப்பியுங்கள். இந்தக் காரிலுள்ள போர்க்-வோர்னர் 35 வகைப் பெட்டி, ஒயில் குறைந்தாலே இழுவையை இழந்துவிடும். ஒயில் கறுத்துக் கருகல் மணம் வீசினால், உள்ளே பட்டிகளும் தட்டுகளும் எரிந்துவிட்டன என்று கொள்ளலாம்.

ஜப்பான் பெட்டி வேண்டாம். பெட்டி மலிவுதான்; ஆனால் அதை உங்கள் எஞ்சினுடன் இணைக்க ஓர் இடைத்தட்டைக் கடைந்தெடுக்க வேண்டும். அது மயிரிழை விலகினாலும் கிராங்கின் (எஞ்சினின் சுழலும் பிரதான தண்டின்) மையமும் பெட்டித் தண்டின் மையமும் ஒன்றாமல் போய், கிளச் தட்டும் பெயாரிங்கும் திரும்பத் திரும்பப் பழுதாகும்.

1961 முதல் 1969 வரை வெளிவந்த ஏ60இன் 1622 சிசி எஞ்சினும் நான்கு கியர் மனுவல் பெட்டியும் மொரிஸ் ஒக்ஸ்போர்ட் ஆறாம் வரிசைக் காரிலும் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் நிலவிய பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓடவைத்த எங்கள் மெக்கானிக்மாருக்கு இந்தப் பெட்டி புதிதல்ல. எனவே ஓடாமல் நிற்கும் அத்தகைய கார் ஒன்றைத் தேடி, பிளைவீல், அதற்குரிய போல்ட்டுகள், எஞ்சின் பின்தட்டு, பெடல் தொகுதி, கிளச்சின் இரு சிலிண்டர்கள், கியர் நெம்புத்தடி, பின் தாங்கி, புரொப்பெல்லர் சாஃப்ட் (பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டு), வேகமானிக் கேபிள் என அனைத்தையும் ஒரே காரிலிருந்து வாங்குங்கள். பெட்டியை மட்டும் வாங்கிவந்துவிட்டு, மிச்சச் சாமான்களுக்காகக் கொழும்பில் உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு நடையாய் நடந்து, மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகச் செலவழித்த பலரை எனக்குத் தெரியும்.

முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன்னர் உங்கள் ஓட்டோ பெட்டியை இறக்கி, கிராங்கின் பின்முனையைப் பாருங்கள். மனுவல் பெட்டித் தண்டின் நுனி அங்குள்ள துளையில் ஒரு வெண்கலப் புஷ்ஷுக்குள் (சிறு உள்வளையத்துக்குள்) சுழல வேண்டும். துளையின் அளவு பொருந்தாவிட்டால் அந்த அளவுக்குப் புஷ் கடைய வேண்டிவரும். துளையே போதாவிட்டால் கிராங்கைக் கழற்ற வேண்டிவரும், அப்போது உங்கள் கணக்கே மாறிவிடும். புதுப் புஷ்ஷை ஓரிரவு எஞ்சின் ஒயிலில் ஊறவைத்த பின்னரே துளைக்குள் அடித்து இறக்குங்கள்.

கிளச் தட்டு, ரிலீஸ் பெயாரிங், சிலிண்டர் ரப்பர்கள் மூன்றையும் புதிதாகவே போடுங்கள்; இவற்றில் மிச்சம் பிடித்தால் பெட்டியை மறுபடியும் இறக்கும் கூலி உங்கள் தலையில் விழும். புரொப்பெல்லர் சாஃப்டை வெட்டி ஒட்ட நேர்ந்தால், இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று லேத் பட்டறையிலேயே பார்த்துவிடுங்கள். சற்றுத் திரும்பியிருந்தாலும் வேகமெடுக்கும்போது வண்டி அதிரும்.

ஓட்டோ பெட்டியிலுள்ள ஸ்டார்ட் தடுப்பு சுவிட்சின் வயர்களை இணைத்தால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். அதன் பின்னர் கியரில் இருக்கும்போதும் ஸ்டார்ட்டர் சுழன்று வண்டி பாயும் என்பதை வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஒக்ஸ்போர்ட் காரில் இதே மாற்றத்தைச் செய்தோம். முதல் கியரில் எடுக்கும்போது வண்டி நடுங்குகிறது. ஏன்?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: பெரும்பாலும் கிளச் தட்டில் ஒயில் பட்டிருக்கும். இந்த எஞ்சினின் பின்முனையில் ஒயில் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டப்பட்ட திருகுபோன்ற பள்ளமே ஒயிலை உள்ளே திருப்பிவிடுகிறது. எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டால் உள்ளழுத்தம் கூடி ஒயில் பின்னால் தள்ளப்படும். முதலில் அந்தக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். பெட்டித் தாங்கியின் ரப்பரையும் பாருங்கள். நடுக்கம் நீங்காவிட்டால் மட்டும் பெட்டியை இறக்குங்கள்.