குடும்பத்தில் யாருக்கும் இல்லாத கிட்னி நோய் பிள்ளைக்கு எப்படி வந்தது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இரண்டு வருடமாக ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறான். நின்றுபோன பழக்கம் திரும்பி, படுக்கையை நனைக்கிறான். வளர்த்தி இல்லை. ரத்தசோகைக்கு டானிக் கொடுத்தும் தேறவில்லை. இப்போது ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 3.4 ஆக ஏறியிருக்கிறது. மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார் டாக்டர். எங்கள் வகையில் யாருக்கும் கிட்னி நோய் கிடையாது. நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். பரிசோதனை அவசியமா? 5 வயது மகளுக்கும் வருமா?

பதில்: படுக்கையை நனைத்ததற்காக அவனை அதட்டியிருந்தால், இனி வேண்டாம் அம்மா. அவன் சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டிப்படுத்த முடியவில்லை. நீர் வெளியே போய்விடுகிறது, அதனால்தான் அந்தத் தாகம். நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 'நெஃப்ரோனோஃப்திசிஸ்' என்ற மரபணு நோய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இதில் முகம் வீங்காது, சிறுநீரில் புரதம் அதிகம் போகாது, பிரஷரும் பல பிள்ளைகளுக்கு ஏறாது. அதனால் தாமதமாகவே பிடிபடுகிறது. இதன் பொதுவான வகையில் 13 வயதை ஒட்டிச் சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்கும்.

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி. ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும். நோய் தெரியவே தெரியாது. உங்கள் அப்பாவும் உங்கள் மாமியாரும் உடன்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்ற தாத்தா, பாட்டியில் ஒருவரிடமிருந்த பழுது இரண்டு கிளையிலும் மௌனமாக இறங்கி, உங்கள் மகனிடம் சேர்ந்திருக்கலாம். எனவே "உன்னால் வந்தது" என்று உங்களை யார் சொன்னாலும் அது தவறு.

பரிசோதனை அவசியம். இந்த நோய், மாற்றுச் சிறுநீரகத்தில் திரும்ப வராது. ஆனால் கல்லீரல் கோளாறால் ஆக்ஸலேட் என்ற உப்பு மிகுந்து சிறுநீரகத்தில் படியும் 'ஹைப்பராக்ஸலூரியா'வாக இருந்தால் புதுச் சிறுநீரகத்தையும் பாழாக்கும். மாற்று சிகிச்சைக்கு முன்பே எது என்று தெரிந்தாக வேண்டும். நெஃப்ரோனோஃப்திசிஸில் அதிகம் காண்பது, என்.பி.எச்.பி.1 என்ற மரபணுவே மொத்தமாக விடுபட்டிருப்பது. மரபணுவை ஒரு புத்தகமாக நினைத்தால், எழுத்துப்பிழை தேடும் சோதனை, பக்கமே காணாமல் போனதைத் தவறவிடலாம். விடுபடலையும் பார்ப்பார்களா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

இந்த நோய்தான் என்றால் மகளுக்கு வாய்ப்பு நாலில் ஒன்று. இப்போதே சிறுநீர், கிரியேட்டினின், ஸ்கேன் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அதோடு விட வேண்டாம். மகனின் முடிவு வந்ததும், மரபணு ஆலோசகரிடம் பேசி அவளுக்கும் சோதிக்கலாம். அடுத்த குழந்தை ஆசை இருந்தால், பழுது எதுவென்று தெரிந்தபின் கர்ப்பத்தின் 11-13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க வழியுண்டு. ஒரு பிரதி மட்டும் பழுதான பெற்றோர், மற்ற சோதனைகள் சரியாக இருந்தால், பெரும்பாலும் கிட்னி கொடுக்கலாம்.

அதுவரை அவன் கேட்கும் தண்ணீரை, டாக்டர் சொல்லாமல் குறைக்காதீர்கள். வாந்தி, பேதி வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலுக்கு இப்யூபுரூஃபன் கலந்த மருந்து வேண்டாம். டானிக்கில் தேறாத ரத்தசோகைக்கு, ரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி உண்டு, கேளுங்கள். கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள்: சில பிள்ளைகளுக்கு இதே பழுது விழித்திரையையும் தொடும், இருட்டில் தடுமாறுவது அதன் முதல் அடையாளம்.